கண்டியை ஆண்ட நாயக்க மன்னர்

கண்டி மாநகரின் ஏரியையும், அதன் கரையில் தலதா மாளிகையின் முகப்பாக விளங்கும் பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபத்தையும் அமைப்பித்தவன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன். கண்ணுசாமி என்பது அவனது இயற்பெயர். சிங்கள இராச்சியத்தின் இறுதி மன்னன் மதுரை நாயக்கர் வழிவந்தவன் என்பது சிலருக்கு வியப்பாயிருக்கலாம்.

கண்டி மன்னர் தம் பட்டத்தரசியரைத் தென்னிந்தியாவிலிருந்து மணம்புரிந்து கொணரும் வழக்கமுடையோர். 1739 இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்தரசி வயிற்றில் மகப்பேறின்றி இறக்கவே, அவ்வரசியின் சகோதரன் அரியணையேறினான். அன்று தொட்டு நால்வர் ஆண்டனர். அவர்களுள் தலைசிறந்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். பிறப்பாற் சைவனாகிய இவனே சீயத்திலிருந்து உபாலி தேரரை வரவழைத்து, அற்றுப்போயிருந்த பிக்குகளின் உபசம்பதையை 1753 இல் மீண்டும் நிலைநாட்டினான். நாத, விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகிய தேவாலயங்களின் விழாவாயிருந்த எசல பெரஹராவிலே புத்தரின் தந்ததாது முதலிடம் பெற்றதும் இவன் காலத்திலேதான். பத்தினி தெய்வமென்பது வேறு யாருமன்று, நம் கண்ணகியே. கண்டிக்கு அண்மையிலுள்ள தெகல்தொருவைக் குகை விகாரையின் ஓவியங்களும் இவனது ஆதரவிற் பிறந்தவை.

இத்தனை செய்தும் அவன் திருநீறு பூசுவதைப் பொறாதார் இருந்தனர். 1760 இல் அவனை அகற்றிச் சீயத்து இளவரசனொருவனை அரசனாக்கச் சதி நிகழ்ந்தது. சதி தோற்றது. மன்னனோ பௌத்தத்துக்குச் செய்த பணியை நிறுத்தினானல்லன்.

மலையரணும் காடும் காத்த அந்நகரைப் படைவலியால் மட்டும் வெல்லல் எளிதன்று. 1803 இல் ஆங்கிலேயர் கண்டியிலே நிறுத்திய படை அழிந்தொழிந்தது. பின்னரோ, அரசனுக்கும் பிரதானிகளுக்குமிடையே பகை முற்றியது. வயல்களை மூழ்கடித்து, கட்டாய உழைப்பால் ஏரி அமைத்ததும் குடிகளின் மனக்கசப்பை வளர்த்தது. எகலப்பொலை ஆங்கிலேயரிடம் தஞ்சமடைய, 1814 இல் அவனது மனைவி மக்கள் கொல்லப்பட்டனர். அக்கொடுமையை எவ்வகையிலும் நியாயப்படுத்தல் இயலாது. மெக்சிக்கோவில் ஏரி நடுவே தலைநகர் அமைத்து வாழ்ந்த அஸ்டெக் மக்களின் அரசு 1521 இல் வீழ்ந்தபோதும், ஸ்பானியருக்குத் தோள்கொடுத்தோர் அயலிலிருந்த த்லாக்ஸ்கலா மக்களேயாவர்.

1815 பெப்ருவரியில் மன்னன் மெதமகாநுவரைப் பகுதியிற் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் நாள் மகுல் மடுவ என்னும் அரச மண்டபத்தில் உடன்படிக்கை அறிவிக்கப்பட்டது. 'மலபார்' குலத்தாருக்கு ஆட்சியுரிமை இல்லையென அது விதித்தது. அரசனின் ஆண் உறவினர் அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுட் புகுவாராயின் இராணுவச் சட்டத்தின் தண்டனைகளுக்கு உள்ளாவர் எனவும் கூறிற்று. அரசன் அந்நியன் என்பதே அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. அதனைக் கூறியோர் யார் எனின், கடல்கடந்து வந்த ஆங்கிலேயர்!

மக்கள் மனத்தில் அக்காரணம் எவ்வளவு வேரூன்றியது என்பதை 1817 காட்டிற்று. ஊவா, வெல்லசைப் பகுதிகளிற் கிளர்ச்சி மூண்டபோது, தலைவனாக எழுந்த வில்பாவை தன்னைத் துரைச்சாமி என்னும் நாயக்க இளவரசன் என்றே அறிவித்துக்கொண்டான். சிங்களக் குடிகள் அப்பெயரை நம்பி அவன் பின்னே திரண்டனர். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொலையும் அவனுடன் சேர்ந்து, 1818 நவம்பர் 26 இல் கண்டியிலே சிரச்சேதம் செய்யப்பட்டான்.

நாடுகடத்தப்பட்ட மன்னன் 1832 இல் வேலூரில் இறந்தான். ஆங்கிலேயருக்கு வழிகாட்டிய எகலப்பொலைக்கும் அவன் விரும்பிய அரியணை கிட்டவில்லை. அவர்களாலேயே மொரீசியசுக்கு அனுப்பப்பட்ட அவன், மன்னனுக்கு மூன்றாண்டு முன்னரே, 1829 இல் அத்தீவில் உயிர் நீத்தான்.