குலக்கல்வி ஆணை போனது, குலம் போனதா?

(பல்லடத்தில் மாணவர்களும் பனியன் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ராஜாஜியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். "செத்துப்போன ஆச்சாரியாரைப் பத்தி இப்ப எதுக்கு?" என்று ஒரு தம்பி கேட்டார். காரணம் இருக்கிறது. இன்றைக்கு அவரைத் தூக்கிப் பிடிக்கும் குரல்கள் இரண்டு கேட்கின்றன. எளிமையானவர், 1959இல் சுதந்திராக் கட்சி தொடங்கி பர்மிட் ராஜ்யத்தை எதிர்த்த தீர்க்கதரிசி என்பது ஒன்று. அது முதலாளிகளின் குரல். இன்னொன்று நம்ம பசங்ககிட்ட இருந்தே வருகிறது: "பின்னால வந்தவங்க செஞ்சதுக்கு ராஜாஜியே தேவலாம். அவராவது மனசுல இருந்ததை வெளிய சொன்னார்." இந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அது போய்ச் சேருகிற இடம் ஆபத்தானது.

முதலில் அவர் கணக்கைப் பார்ப்போம். 1925இல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி கதர் வேலையும் தீண்டாமை ஒழிப்பும் செய்தார். 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் அவர் ஆட்சியில்தான் வந்தது. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சட்டம் தானாக வரவில்லை. செங்கொடியின் கீழ் பண்ணையாட்கள் நடத்திய போராட்டம் அதைக் கொண்டுவந்தது.

மறுபக்கம் என்ன? 1932 பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். அந்த ஒப்பந்தத்தால் நாம் இழந்தது தனி வாக்காளர் தொகுதி. 1938இல் எம்.சி.ராஜா மாகாணம் முழுவதற்கும் ஆலய நுழைவு மசோதா கொண்டுவந்தபோது, பிரதமராக இருந்த ராஜாஜி அதை ஆதரிக்கவில்லை. மலபாருக்கு மட்டும் தனி மசோதா என்றார். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலில் நுழைவு நடந்த பிறகு சட்டம் வந்தது. அதுவும் எப்படி? வழிபடுகிறவர்கள் பொதுவாக எதிர்க்கவில்லை என்று அறங்காவலர் கருதினால் திறக்கலாம்! நம் உரிமையின் சாவியை சாதி இந்துவின் இடுப்பிலேயே சொருகிய சட்டம் அது. அதே 1939 ஜனவரியில்தான் இந்தி எதிர்ப்புக் கைதியாக நம் நடராசன் செத்தார். 1946இல் அம்பேத்கருக்கு மறுப்பு என்றே ராஜாஜி ஒரு சிறு நூல் எழுதினார்.

கடைசியாக 1953. கிராமத்துத் தொடக்கப்பள்ளிகளில் பாடம் மூன்று மணி நேரம். மிச்ச நேரம் பிள்ளைகள் அப்பன் தொழிலைக் கற்க வேண்டும். நகரத்துப் பள்ளிக்கு இது கிடையாது. செருப்புத் தைப்பவர் பிள்ளைக்கு செருப்பு, பறை அடிப்பவர் பிள்ளைக்கு பறை. வக்கீல் பிள்ளை முழுநாளும் படிப்பான். இதற்குப் பெயர் நேர்மையா? வருணத்தை அரசு ஆணையாக எழுதினார், அவ்வளவுதான். சாதியை வெளிப்படையாகச் சொல்வதற்கு நாம் மதிப்பெண் போட வேண்டியதில்லை.

சரி, பின்னால் வந்தவர்கள்? 1954இல் காமராசர் அந்தத் திட்டத்தை ரத்து செய்தார். அறநிலையத்துறையை பி.பரமேசுவரன் என்ற தலித் அமைச்சரிடம் கொடுத்தார். மதிய உணவு கொண்டுவந்தார். அந்தச் சோறுதான் நம் சேரிப் பிள்ளைகளைப் பள்ளியில் உட்கார வைத்தது. அதே காமராசர் ஆட்சியில்தான் 1957 செப்டம்பர் 11 அன்று இம்மானுவேல் சேகரன் வெட்டிக் கொல்லப்பட்டார். அண்ணா முதல்வராக இருந்த 1968 டிசம்பர் 25 அன்று வெண்மணியில் 44 பேர் எரிந்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978இல் விழுப்புரத்தில் 12 பேர். ஜெயலலிதா ஆட்சியில் 1995இல் கொடியங்குளத்தில் போலீசே வீடு புகுந்து நொறுக்கியது. கருணாநிதி ஆட்சியில் 1999இல் கூலி கேட்டு ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாரும் ஒண்ணுதான் என்று சொல்லலாமா? கூடாது. 1971இல் நம் இடஒதுக்கீடு 16 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது; அந்தச் சட்டத்துக்கு 2024 ஆகஸ்ட் 1 தீர்ப்பு பலம் சேர்த்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர் அந்த 3 சதவீதத்தில் வந்தவர்கள். ராஜாஜியின் மூன்று மணி நேரப் பள்ளி நீடித்திருந்தால் இந்த இடத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

வித்தியாசம் இதுதான். ராஜாஜி சாதியை ஆணையாக்கினார். பின்னால் வந்தவர்கள் ஆணையைக் கிழித்தார்கள், ஊரைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை? ஓட்டும் நிலமும் அந்த ஊர்க்காரன் கையில். பள்ளிக்கூடம் கட்டினார்கள், அந்தப் பள்ளிக்கூடத்தில் யார் சமைப்பது என்பதை ஊர்க்கவுண்டர் முடிவு செய்தார். தூரமாகப் போக வேண்டாம். 2018 ஜூலையில் நம் மாவட்டத்திலேயே, அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியப் பெண் சமைத்த சோற்றை எங்க பிள்ளைங்க தின்னாது என்று கிளம்பினார்கள். அதிகாரிகள் யாரை மாற்றினார்கள்? அந்த அம்மாவை! போராடிய பிறகுதான் உத்தரவு திரும்பியது. 2016 மார்ச்சில் உடுமலை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்களே, அதுவும் இதே ஊர் அதிகாரம்தான்.

குலக்கல்விக்கு இன்றைக்கு வேறு வேஷம். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து நம் பெண்பிள்ளைகளை மூன்று வருஷம் மில் விடுதியில் அடைத்துப்போட்டார்களே, கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொல்லி. அதை எந்த முதலமைச்சரும் கையெழுத்துப் போட்டு அறிவிக்கவில்லை. அறிவிக்காமலே நடந்தது. எட்டாவதோடு நின்று கைமடிக்கப் போகும் பையனுக்கும் அப்படித்தான். அவனை அனுப்புவது ஆணை அல்ல, வீட்டு வறுமையும் கேட்பாரற்ற நிலையும்.

ஆகவே ராஜாஜியா மற்றவர்களா என்று ஆள் தேர்வு செய்வது நம் வேலை இல்லை. காமராசருக்கும் கருணாநிதிக்கும் எம்.ஜி.ஆருக்கும் வரவை எழுதுவோம், செலவையும் எழுதுவோம். ராஜாஜி கணக்கை அவர் ஆணையை வைத்தே முடிப்போம்.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரில் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் யார் யார், எந்த கம்பெனிக்குப் போகிறார்கள் என்று தெருத்தெருவாகக் கணக்கெடுங்கள். சத்துணவுக் கூடத்தில் யார் சமைக்கிறார்கள் என்று பாருங்கள். அருந்ததியர் 3 சதவீதத்தில் எத்தனை இடம் நிரப்பினீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். கிடைக்கும் பதிலோடு அடுத்த கூட்டத்தில் உட்காருவோம்.

ஜெய்பீம்.