லாட் வரைந்த கம்பம்

ஓவியம் வரையப் பெரிய காட்சியைத் தேடி அலைய வேண்டுமா? 1951-இல் பேராக்கில் பிறந்த லாட், தாம் வளர்ந்த கம்பத்தையே கறுப்பு மையால் வரைந்தார். 1979-இல் அது ‘தி கம்போங் பாய்’ என்ற நூலாக வந்தது. ஆற்றுக் குளியல், குர்ஆன் வகுப்பு, திருட்டுத்தனமாக ஈயம் அரித்ததற்கு வாங்கிய அடி, எல்லாம் அதில் உண்டு. ரப்பர் மரங்களைக் காட்டி மகனைப் படிக்கத் தூண்டும் பக்கம் நம் தோட்டத்து மக்களுக்கு மிக நெருக்கமானது. ஈயம் தோண்டும் கப்பலையும் அவர் விடவில்லை. கம்பத்து நிலம் கைமாறவிருந்த காலம் அது.

நம் லயங்களும் பல இடங்களில் இன்று இல்லை. பெரட்டுக் களத்தையும் மங்கையும் பால்வாளியையும் பார்த்த கண்கள் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. பிள்ளைகளிடம் பென்சில் இருக்கிறது.