எழுத்தாணியும் கூர் பார்ப்பவரும்

திருப்பூணித்துறையில் குடியிருந்துகொண்டு மொழிபெயர்ப்பு அலுவல் பார்ப்பவன் நான். பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் பலரும் அறிந்த இடர்ப்பாடு ஒன்றுண்டு: அலுவலகக் கணினியில் தமிழ் விசைப்பலகை இராது, புதிதாக நிறுவவும் நமக்கு உரிமை இராது.

இதற்கொரு வழி மலையாளத்தாரிடமிருந்து வந்தது. விக்கிப்பீடியாவை இயக்குவது மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருள். அதன் மூலநிரல் எவர்க்கும் திறந்திருப்பதால், வேண்டுவோர் புதிய உறுப்புகளைச் செய்து பொருத்தலாம். இவற்றை நீட்சிகள் என்பர். மலையாள விக்கிப்பீடியர் ஒருவர் ஆக்கிய நீட்சிக்கு ‘நாராயம்’ என்று பெயர். ஓலையில் எழுதும் எழுத்தாணி என்பது பொருள். 2011-இல் விக்கிப்பீடியாவில் பொருத்தப்பட்ட அது, தமிழ்99 முறைக்கும் இடந்தந்தது. கணினியில் எதையும் நிறுவாமலே, பக்கத்தைத் திறந்து தமிழ் எழுதலாயிற்று. 2013-இல் அப்பணியை வேறொரு நீட்சி ஏற்றுக்கொண்டது.

ஆயினும் ஆக்குவது பாதி, சோதிப்பது மறுபாதி. தமிழ்99 முறையில் ககர விசையை இருமுறை தட்டினால், முதலெழுத்தின்மேல் புள்ளி தானே விழுந்து ‘க்க’ ஆகும். ‘அக்கா’வுக்கு அது நன்று. ‘மமதை’க்கோ தீங்கு, முதல் மகரத்தின்பின் அகர விசையைத் தட்டினாலன்றிச் சொல் ‘ம்மதை’ ஆகிவிடும். இத்தகைய சொற்களைத் தேடித் தட்டிப் பார்ப்பதே சோதனை. நிரல் எழுதுபவர் தமிழறியாதவராக இருக்கலாம். சோதிப்பவர் தமிழறிந்தே தீரவேண்டும்.

ஆகவே பிழை கண்டால் சலித்து விட்டுவிடாதீர்கள். எந்த விசைகளைத் தட்டினீர்கள், என்ன வந்தது, என்ன வரவேண்டும் என்னும் மூன்றையும் எழுதி ஆக்கியோருக்கு அறிவியுங்கள். அண்டை வீட்டார் எழுத்தாணி தந்தனர். கூர் பார்ப்பது நம் கடன்.