பட்டமும் பணிப்பயிற்சியும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், கொல்லிமலையில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும், சேர்ந்த பிள்ளை நடுவில் நின்றுவிடாமல் காப்பதுமே நம் சங்கத்தின் தலையாய பணியாக இருந்தது. இன்று நம் பிள்ளைகள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து இறங்கி, இராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் உள்ள அரசு கலைக் கல்லூரிகளில் பயில்கிறார்கள். இது பெருமைப்படத்தக்க வளர்ச்சி. ஆயினும், பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை. "ஐயா, பையன் பி.ஏ. வரலாறு படிக்கிறான். அதைப் படித்துவிட்டு என்ன வேலைக்குப் போவான்?" இது அறியாமையால் எழுந்த கேள்வி அன்று. ஒருநாள் கூலியை இழந்து விண்ணப்பப் படிவத்திற்காக அலைந்தவர் கேட்கும் கேள்வி. அதற்கு நேர்மையான விடை சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம்.

கலைப் பாடங்களைப் பயின்று வெளியே வரும் நம் இளைஞரிடம் வேலை கொடுப்பவர் முதலில் கேட்பது, "அனுபவம் உண்டா?" என்பதே. கடை வைத்திருக்கும் மாமனும், அலுவலகம் நடத்தும் சித்தப்பாவும் உள்ள பிள்ளைக்கு அனுபவம் வீட்டிலேயே கிடைத்துவிடுகிறது. நம் பிள்ளைக்கு அத்தகைய உறவு இல்லை. மதிப்பெண்ணில் அவன் குறைந்தவன் அல்லன், அறிமுகத்தில் குறைந்தவன். இந்தக் குறையைப் படிக்கும் காலத்திலேயே தீர்க்க ஒரு வழி இப்போது வந்திருக்கிறது. பட்டப்படிப்பின் ஒரு பகுதியை அலுவலகத்திலோ நிறுவனத்திலோ பணி செய்து கற்கும் முறை அது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

இம்முறையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழில் பழகுநர் சட்டம் 1961-ல் இயற்றப்பட்டது. தொடக்கத்தில் அது தொழிற்கூடங்களில் கைத்தொழில் கற்போருக்கானது. 1973-ல் பொறியியல் கற்றவர்களும், 2014-ல் பொறியியல் அல்லாத பட்டதாரிகளும் அதன் வரம்புக்குள் வந்தனர். 2020-ல் பல்கலைக்கழக மானியக் குழு, பொதுப் பட்டப்படிப்புக்குள்ளேயே பணிப்பயிற்சியைச் சேர்க்க நெறிமுறைகளை வெளியிட்டு, 2025-ல் அவற்றைத் திருத்தியமைத்தது. அதன்படி மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பருவம் முதல் மூன்று பருவங்கள் வரை மாணவர் பணியிடத்தில் பயிலலாம். அந்த உழைப்பு பட்டத்திற்குரிய மதிப்பீட்டிலும் சேரும். கல்லூரிகள் சில இம்முறையைத் தொடங்கியுள்ளன. தென்மாநிலங்களில் பட்டதாரிப் பயிற்சியைக் கவனிக்கும் தொழிற்பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இயங்குகிறது.

இதைக் கேட்டதும் நம் பெரியோர்களுக்கு ஓர் ஐயம் எழக்கூடும். "படிக்கும் பிள்ளையை மறுபடியும் வேலைக்கா அனுப்பச் சொல்கிறீர்கள்?" என்பதே அது. இந்த ஐயத்தைப் பழைமை என்று தள்ளிவிட முடியாது. 1953-ல் இராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. 'குலக்கல்வி' என்று அதற்கு மக்கள் பெயரிட்டனர். செருப்புத் தைப்பவர் மகன் செருப்பையும், பறையடிப்பவர் மகன் பறையையும் கற்க வேண்டுமா என்ற கேள்வி தமிழகமெங்கும் எழுந்தது. 1954-ல் காமராசர் முதலமைச்சரானதும் அத்திட்டம் கைவிடப்பட்டது. அன்று அது நிலைத்திருந்தால், இந்த மேடையில் பி.ஏ., பி.எட். என்ற எழுத்துகளைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொண்டு நான் நின்றிருப்பேனா என்பது ஐயமே.

எனவே வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். குலக்கல்வி, பிள்ளையைத் தகப்பன் செய்த வேலைக்கே திருப்பி அனுப்பியது. நான் சொல்லும் பயிற்சி, தகப்பன் நுழைய முடியாத இடத்திற்குப் பிள்ளையை அழைத்துச் செல்ல வேண்டும். அப்படி அழைத்துச் செல்லவில்லையென்றால், அதற்கு எத்தனை அழகான பெயர் வைத்தாலும் அது பழைய சரக்கே ஆகும். இளைஞர்களே, எந்தப் பயிற்சி உங்கள் முன் வந்தாலும் இந்த உரைகல்லில் உரசிப் பாருங்கள்.

வாய்ப்பு இருப்பது வேறு. அது நமக்குத் திறப்பது வேறு. அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் ஆண்டியாக் என்றொரு கலைக் கல்லூரி உண்டு. 1921-லேயே படிப்பையும் பணியையும் மாற்றி மாற்றிச் செய்யும் முறையைத் தொடங்கிப் புகழ்பெற்ற கல்லூரி அது. 1945-ல் கொரெட்டா ஸ்காட் என்ற கறுப்பின மாணவி அங்கே சேர்ந்து இசையும் கல்வியியலும் பயின்றார். ஆசிரியப் பயிற்சிக்காக அவ்வூர்ப் பொதுப்பள்ளியில் பணிபுரிய வேண்டியிருந்தது. கறுப்பினப் பெண் என்பதால் இடம் மறுக்கப்பட்டது. கல்லூரித் தலைவரிடம் முறையிட்டார், பயனில்லை. முடிவில் கல்லூரியின் சொந்தப் பள்ளியிலேயே பயிற்சியை முடித்தார். பின்னாளில் மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியாராக உலகம் அறிந்தவர் இவரே. முற்போக்கான கல்லூரி, சிறந்த பாடத்திட்டம், தகுதியான மாணவி என மூன்றும் இருந்தும், பணியிடத்தின் வாயிற்படியில் பிறப்பு குறுக்கே நின்றது.

இத்தகைய அனுபவம் நமக்குப் புதிதன்று. அண்ணல் அம்பேத்கர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913-ல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் இலண்டன் படிப்பை நடுவில் நிறுத்தி, 1917-ல் ஒப்பந்தப்படி பரோடாவில் பணியேற்றார். அலுவலகத்தில் நாற்காலி கிடைத்தது. ஊரில் தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தங்கியவரை, சாதி தெரிந்ததும் கும்பல் சூழ்ந்து வெளியேற்றியது. அவர் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை. 1918-ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து, சிக்கனமாக வாழ்ந்து பணம் சேர்த்தார். அந்தச் சேமிப்போடும் பிறர் உதவியோடும் 1920-ல் மீண்டும் இலண்டன் சென்று, 1923-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பரோடாப் பணி அவரைத் தெருவில் நிறுத்தியது. சிடன்ஹாம் பணி படிப்புக்குத் திரும்ப உதவியது. பணி படிப்பை விழுங்கக் கூடாது. படிப்பைத் தாங்க வேண்டும் என்ற பாடம் இதிலே இருக்கிறது.

இனி, ஒப்பமிடும் முன் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பயிற்சிக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அது முறையாகப் பதிவு செய்யப்பட வேண்டும். "வா, பார்த்துக்கொள்ளலாம்" என்ற வாய்ச்சொல்லை நம்பி ஓராண்டை இழக்காதீர்கள்.

இரண்டாவது, உதவித்தொகை. 2019-ல் திருத்தப்பட்ட விதிகள் பட்டப்படிப்புப் பயிற்சியாளருக்கு மாதம் குறைந்தது ரூ. 9,000 என வகுத்தன. 2025-ல் மத்தியத் தொழில் பழகுநர் மன்றம் இதனை உயர்த்தப் பரிந்துரைத்தது. சேரும் நாளில் எத்தொகை நடப்பில் உள்ளதோ அதைக் கேட்டறிந்து பெறுங்கள்.

மூன்றாவது, சட்டத்தின் 3-ஏ பிரிவு. குறிப்பிடப்பட்ட தொழில்களில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை வேலையளிப்பவர் ஒதுக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. தனியார் நிறுவனம் பயிற்சி அளித்தாலும் இது பொருந்தும். இதை அறியாமல் நாம் கைகட்டி நிற்கிறோம். கல்லூரி முதல்வரிடம் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

நான்காவது, சட்டத்தின் பார்வையில் பழகுநர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவரே. தொழிலாளர் சட்டங்களின் முழுப் பாதுகாப்பும் அவருக்கு இல்லை. பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் பொதுவாக நிறுவனத்திற்கு இல்லை. ஆனால் பணியில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெற உரிமை உண்டு. தகராறு எழுந்தால் தொழில் பழகுநர் ஆலோசகரிடம் முறையிடலாம். பயிற்சி என்ற பெயரில் தேநீர் வாங்கிவரவும், மூட்டை அடுக்கவும், கூட்டவும் மட்டுமே பணித்தால் அது பயிற்சி அன்று. அதை முதல் மாதத்திலேயே கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

கலைப் பாடங்களுக்கு எங்கே பயிற்சி உண்டு என்று கேட்கலாம். நம் மலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். நம் மரவள்ளிக் கிழங்கு அடிவாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அங்கே மாவுச்சத்தின் அளவைச் சோதித்துப் 'பாயிண்ட்' கணக்கில் விலை போடுகிறார்கள். விளைவித்தவரும் சுமந்தவரும் அந்தக் கணக்கைப் பார்த்ததில்லை. பொருளாதாரம் பயிலும் நம் மகள் ஒரு கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் கணக்குப் பிரிவில் ஓராண்டு அமர்ந்தால், எடை, சோதனை, ஏலம், கடன் யாவும் அவளுக்கு விளங்கிவிடும். பாடநூலில் 'சந்தை' என்று படித்த சொல்லுக்கு அப்போதுதான் உயிர் வரும். மிளகுக்கும் காப்பிக்கும் விலை யார் வைக்கிறார்கள் என்று அவள் கேட்கத் தொடங்கினால், அந்தக் கேள்வி ஊருக்கே பயன்படும். அவ்வாறே வரலாறு பயில்பவருக்கு அருங்காட்சியகங்களும் எழும்பூர் ஆவணக் காப்பகமும், தமிழ் பயில்பவருக்குப் பதிப்பகங்களும் செய்தித்தாள்களும், அரசியல் பயில்பவருக்கு உள்ளாட்சி அலுவலகங்களும் தக்க இடங்கள். இத்தகைய இடங்களை நாடித் தேடுமாறு கல்லூரியைத் தூண்ட வேண்டியவர்கள் மாணவர்களாகிய நீங்களே.

நம் முன்னோடி இரட்டைமலை சீனிவாசன் நீலகிரியில் ஆங்கிலேய நிறுவனம் ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். பின்னர் சென்னைக்கு வந்து 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். கணக்குப் புத்தகம் பழகிய கை, உரிமைக்காக எழுதவும் தயங்கவில்லை.

பெற்றோர்களே, புதுமைப்பெண் திட்டமும் தமிழ்ப்புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு மாதம் ரூ. 1,000 தருகின்றன. பயிற்சிக் காலத்திலும் இத்தொகையும் கல்வி உதவித்தொகையும் தொடருமா என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நிறைவாக, சங்கத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நகரத்தில் ஓராண்டு தங்கிப் பயிலும் பிள்ளைக்கு முதல் மாத உதவித்தொகை கைக்கு வரும்வரை உணவுக்கும் வாடகைக்கும் வழி வேண்டும். சாதியைக் கேட்டபின் வீடு தர மறுப்பவர் இன்றும் உளர். ஆகவே வெள்ளி விழாவின் நினைவாக ஒரு சுழல்நிதியை ஏற்படுத்துங்கள்; முதல் மூன்று மாதச் செலவை அதிலிருந்து கொடுத்து, பிள்ளை சம்பாதிக்கும்போது திரும்பப் பெறுங்கள். சென்னை, சேலம், கோவை நகரங்களில் பணியாற்றும் நம் மக்களின் பட்டியலைத் தயாரியுங்கள். ஒவ்வோர் ஊரிலும் நம் பிள்ளைக்கு ஒரு வீட்டின் கதவாவது திறந்திருக்க வேண்டும். அண்ணலுக்குப் பரோடாவில் இல்லாது போன அந்த ஒரு கதவை நம் பிள்ளைகளுக்கு நாம் தர முடியும். அதற்கு அரசாணை தேவையில்லை.

மாணவச் செல்வங்களே, பட்டத்தைக் கைவிடாதீர்கள். பணியைக் கண்டு அஞ்சாதீர்கள். எந்த வேலை என்பதை உங்கள் பிறப்பு முடிவு செய்த காலம் ஒன்று இருந்தது. இனி அதை நீங்களே தேர்ந்தெடுங்கள். ஒப்பந்தத்தை முழுவதும் படித்த பின்னரே ஒப்பமிடுங்கள்.