மாணவரின் மின் தொகுப்பேடு

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு காகிதக் கட்டு தவறாமல் இருக்கும். பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், ஒரு பல்கலைக் கழகத்தை விட்டு மற்றொன்றிற்குச் செல்வோர் பெறவேண்டிய இடப்பெயர்வுச் சான்றிதழ் ஆகியவை அடங்கிய கட்டு அது. தகப்பனார் ரயில்வேயிலோ வங்கியிலோ பணிபுரிபவராயின் அக்கட்டும் அவரோடு நாகபுரிக்கும் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் பயணம் செய்யும். வேறு எந்தப் பெட்டி தொலைந்தாலும் அது தொலையலாகாது என்பது வீட்டுப் பெரியவர்களின் கட்டளை.

அக்கட்டின் பாரம் அண்மைக் காலத்தில் வெகுவாகக் குறைந்துவிட்டது. 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டிஜிலாக்கர் என்னும் மின்னணுப் பெட்டகத்தில் சான்றிதழ்களைப் பெற்று வைத்துக்கொள்ளலாம். 2021-இல் பல்கலைக் கழக மானியக் குழு வகுத்த விதிகளின்படி, மாணவர் ஈட்டிய பாட அலகுகளை, அதாவது கிரெடிட்டுகளை, ஒரு வங்கிக் கணக்கில் பணம் சேர்ப்பதுபோல் சேர்த்து வைக்கவும் வழி ஏற்பட்டது. ஒரு கல்லூரியில் ஈட்டிய அலகுகளை, அதிகபட்சம் ஏழாண்டுகளுக்குள், உரிய விதிகளுக்கு உட்பட்டு மற்றொரு கல்லூரியில் பயன்படுத்திக்கொள்ளலாம். அடிக்கடி ஊர் மாறும் குடும்பங்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் இந்தப் பெட்டகங்களில் இருப்பவை யாவும் தீர்ப்புகள். வேதியியலில் 71, பொருளாதாரத்தில் 64 என்று பிறர் அளித்த முடிவுகள். மாணவர் செய்த வேலை அவற்றில் இல்லை. மூன்றாண்டுகளாக அவர் எழுதிய கட்டுரைகள், வரைந்த படங்கள், செய்த சோதனைகள், ஆற்றிய உரைகள் எல்லாம் எங்கே? பெரும்பாலும் பழைய காகிதக் கடையில்! அவற்றிற்கு ஓர் இருப்பிடம் தருவதே இன்று நான் பேச வந்த மின் தொகுப்பேடு.

தொகுப்பேடு என்பது புதிய கருத்தன்று. ஓவியரும் கட்டடக் கலைஞரும் தம் வேலைகளில் தேர்ந்தவற்றை ஓர் உறையிலிட்டு எடுத்துச் சென்று காட்டுவது நெடுநாள் வழக்கம். போர்ட்ஃபோலியோ என்ற பெயரே அவ்வுறையைக் குறித்ததுதான். கணிப்பொறியும் இணையமும் வந்த பின்னர், எழுத்தோடு ஒலியையும் அசையும் படத்தையும் அதில் வைக்க முடிந்தது. எங்கிருந்தும் திறந்து பார்க்கவும் முடிந்தது. ஆயினும் பொருள்களைக் குவித்து வைத்தால் மட்டும் அது தொகுப்பேடு ஆகிவிடாது. சேர்த்தவற்றிலிருந்து மாணவரே தேர்ந்தெடுக்கவேண்டும். தேர்ந்தெடுத்ததைப் பற்றி, ஏன் எடுத்தேன், இதில் என்ன கற்றேன், எங்கே இன்னும் குறை இருக்கிறது என்று அவரே எழுதவேண்டும். இந்த எழுத்துத்தான் அதன் உயிர்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுகிறேன். தில்லியில் பொருளாதாரம் பயிலும் மாணவி ஒருத்தி, ஆசாத்பூர் மொத்தச் சந்தையில் வெங்காய விலை குறித்து ஓர் அறிக்கை தயாரிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைவில் நாள்தோறும் விற்ற விலையைப் பட்டியலாக்கியிருக்கிறாள், அவ்வளவே. ஆசிரியர் ஓரத்தில், “விலை ஏறியது ஏன்?” என்று ஒரு கேள்வி எழுதுகிறார். அவள் மீண்டும் சந்தைக்குச் சென்று, வரத்து லாரிகளைப் பற்றி விசாரித்து, மகாராஷ்டிரத்தில் பெய்த மழைக்கும் தில்லி விலைக்கும் உள்ள தொடர்பைக் கண்டு, மூன்றாவது வரைவில் எழுதுகிறாள். மதிப்பெண் பட்டியல் இறுதி வரைவிற்கு ஓர் எண்ணை மட்டும் தரும். தொகுப்பேட்டிலோ முதல் வரைவும், ஆசிரியரின் கேள்வியும், மூன்றாவது வரைவும் அடுத்தடுத்து இருக்கும். அவற்றின் கீழே அவளுடைய சொந்தக் குறிப்பும் இருக்கும். நாளை அவளை வேலைக்கு எடுக்க விரும்புவோர் இவ்விரண்டில் எதைப் பார்க்க விரும்புவர்? அதைவிட முக்கியம், அவளே இரண்டாண்டு கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது எது அவளுக்குத் தைரியம் தரும்?

இதை முறையாகச் செய்து பார்த்த கல்லூரிகள் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்து மில்வாக்கி நகரில் ஆல்வெர்னோ கல்லூரி என்ற மகளிர் கல்லூரி இருக்கிறது. 1970-களிலேயே அக்கல்லூரி வழக்கமான மதிப்பெண் முறையைக் கைவிட்டு, மாணவியரின் திறன்களை வளர்ப்பதை மையமாகக் கொண்ட பாடமுறையை ஏற்றது. பேசும் திறன், ஆராயும் திறன், சிக்கலைத் தீர்க்கும் திறன் எனச் சில திறன்களை வகுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். முதலாண்டு மாணவி பேசும் பேச்சை வீடியோ நாடாவில் பதிந்து வைத்து, பின்னர் அவள் ஆற்றும் உரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கச் செய்தார்கள். தன் முதல் பேச்சைத் தானே காண்பது யாருக்கும் சங்கடமான காட்சிதான்! ஆனால் தன் வளர்ச்சியைப் பிறர் சொல்லக் கேட்பதற்கும் தானே கண்ணால் காண்பதற்கும் உள்ள வேறுபாட்டை அக்கல்லூரி அறிந்திருந்தது. சென்ற நூற்றாண்டு முடியும் தறுவாயில் இந்த ஏற்பாட்டை அவர்கள் இணையத்திற்கு மாற்றினார்கள். கவனிக்கவேண்டியது இதுதான்: பாடமுறை முதலில் மாறியது, கால் நூற்றாண்டு கழித்தே இயந்திரம் வந்தது. நாமோ பெரும்பாலும் இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டுப் பாடமுறையைப் பிறகு யோசிக்கிறோம்.

நம் போன்றோருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் லகார்டியா சமுதாயக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயில்வோரில் பெரும் பகுதியினர் வேற்று நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். பலர் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். வீட்டிலே பேசும் மொழி ஒன்று, வகுப்பிலே எழுதும் மொழி வேறொன்று. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அக்கல்லூரி மின் தொகுப்பேட்டைப் பெரிய அளவில் கைக்கொண்டது. பிறந்த ஊர், கடந்து வந்த வழி, இப்போது கற்கும் பாடம் ஆகியவற்றை ஒருங்கே வைத்து எழுத அங்கே மாணவர்க்கு இடம் கிடைத்தது. குடிபெயர்ந்தவர் வாழ்க்கை துண்டு துண்டாகக் கிடப்பது. அத்துண்டுகளை ஒரே இடத்தில் கோத்துப் பார்ப்பது என்ன நன்மை செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இதற்கான மென்பொருளை விலை கொடுத்து வாங்கவேண்டும் என்பதுமில்லை. நியூசிலாந்தில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய மஹாரா என்னும் மென்பொருள் எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட்டது. அந்நாட்டுப் பழங்குடி மக்களாகிய மாவோரியரின் மொழியில் அச்சொல்லுக்கு எண்ணுதல் என்று பொருள். பெயர் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

இனி நம் நாட்டு நிலைமைக்கு வருவோம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பள்ளிப் பிள்ளைகளின் முன்னேற்ற அறிக்கையில் ஆசிரியர் மதிப்பீட்டோடு மாணவரின் சுய மதிப்பீடும் இடம்பெறவேண்டும் என்று கூறுகிறது. மருத்துவக் கல்லூரிகளில் 2019-இல் வந்த புதிய பாடத்திட்டம் மாணவர் தம் பயிற்சிகளைப் பதிவேட்டில் குறித்து வரவேண்டும் என்று விதித்தது. ஆகவே கருத்து நம் நாட்டிற்கு வந்துவிட்டது. கல்லூரிகள் இதை எவ்வாறு நடத்தப் போகின்றன என்பதில்தான் கவலை.

ஏன் கவலை என்கிறேன்? தமிழ்நாட்டில் ரெக்கார்டு நோட்டு என்றும் தில்லிப் பக்கத்தில் பிராக்டிகல் ஃபைல் என்றும் வழங்கும் செய்முறைப் பதிவேட்டை அறியாதவர் யார்? சோதனையைச் செய்தவர் தாம் கண்டதைத் தாமே எழுதிவைப்பது என்ற உயர்ந்த நோக்கத்தோடு பிறந்த ஏடு அது. இன்று அதன் கதி என்ன? சென்ற ஆண்டு மாணவரின் ஏட்டைப் பார்த்து இவ்வாண்டு மாணவர் எழுதுகிறார்; தேர்வுக்கு முந்தைய இரவில் படங்களை அக்காள் வரைந்து தருகிறாள்; ஆசிரியர் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிடுகிறார். அளவீடுகள் எல்லாம் அதிசயமாக ஒத்திருக்கும்! மின் தொகுப்பேடு இதே வழியில் சென்றால், காகிதம் மிச்சமாகும் என்பதற்கு மேல் பயனில்லை. இப்போது கணிப்பொறியே கட்டுரை எழுதித் தருகிறது. “இதில் நான் கற்றது என்ன” என்ற குறிப்பையும் அது நொடியில் உருக்கமாக எழுதித் தந்துவிடும்.

இதற்குக் காவல் போடும் மென்பொருளை நான் அவ்வளவாக நம்பவில்லை. ஆசிரியரும் மாணவரும் தொகுப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நேருக்கு நேர் பத்து நிமிடம் பேசுவதே தக்க காவல் என்பது என் அபிப்பிராயம். தான் செய்த வேலையைப் பற்றி எவரும் பேசமுடியும். செய்யாததைப் பற்றிப் பேசுவது கடினம். ஆனால் அதற்கு நேரம் வேண்டும். ஒரு வகுப்பில் 60 மாணவர் என்று கொள்வோம். படிப்பதற்கும் பேசுவதற்குமாக ஒருவருக்கு 20 நிமிடம் வைத்தால் 20 மணி நேரம் ஆகிறது. பருவத்திற்கு இருமுறை என்றால் 40 மணி நேரம். இந்த 40 மணி நேரத்தை ஆசிரியரின் பணிக் கணக்கிலே சேர்க்காத கல்லூரி, தொகுப்பேட்டைத் தொடங்காமலிருப்பதே மேல். பல்கலைக் கழகம் முழுவதற்கும் ஒரே நாளில் ஆணை பிறப்பிப்பதைவிட, ஒரு துறையில், ஒரு பாடத்தில், விரும்பி முன்வரும் இரண்டு மூன்று ஆசிரியர்களோடு ஆரம்பிப்பது நலம். மாணவர் தம் குறைகளைப் பற்றி எழுதும் குறிப்புக்கு மதிப்பெண் போடவே கூடாது. மதிப்பெண் உண்டென்றால் எவர் உண்மையான குறையை எழுதுவார்?

யார் யார் அதைப் பார்க்கலாம் என்பதும் சிறிய விஷயமன்று. தன் தடுமாற்றத்தை ஆசிரியரிடம் ஒப்புக்கொண்ட மாணவர், அது வேலைக்கு அழைப்பவர் கண்ணில் படவேண்டும் என்று எண்ணியிருக்கமாட்டார். ஆதலின் ஒவ்வொரு பக்கத்தையும் யாருக்குக் காட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை மாணவரிடமே இருக்கவேண்டும். செவிலியர் பயிற்சி பெறுவோர் நோயாளியின் படத்தையோ பெயரையோ அதில் ஏற்றலாகாது. தனிநபர் தரவுகளைக் காப்பதற்கு 2023-இல் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. கல்லூரி நிர்வாகிகள் அதைப் படித்துப் பார்ப்பது நன்று. வீட்டில் கணிப்பொறி இல்லாமல் கைப்பேசி ஒன்றையே நம்பிப் படிக்கும் பிள்ளைகள் நம்மில் பலர். கைப்பேசியிலே இயங்காத ஏற்பாடு அவர்களை வெளியே நிறுத்திவிடும்.

பிற மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். அவர்களிற் பலர் தமிழ் பேசுவர், எழுத வாராது. சமூகவியல் பயிலும் ஓர் இளைஞன், மும்பையில் தாராவியில் குடியேறிய முதியவர்களைத் தமிழில் பேட்டி கண்டு, ஒலிப்பதிவு செய்து, அதன் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதினால், தேர்வுத்தாளில் ஆங்கிலப் பகுதி மட்டுமே நிற்கும். தொகுப்பேட்டிலோ அந்த முதியவரின் குரலே நிற்கும். அப்பேட்டியை எடுக்க அவனுக்குக் கைகொடுத்தது தாய்மொழி என்பதும் அங்கே ஒரு தகுதியாகத் தெரியும். திருநெல்வேலியிலிருந்து வந்த பாட்டனார் பேச்சுக்குக் கல்லூரியில் ஒரு மதிப்பு உண்டென்று கண்டபின் தமிழ் எழுத்தைக் கற்க முற்படும் பிள்ளைகளும் இருக்கக்கூடும். ஆகவே, தொகுப்பேட்டில் எந்த மொழியிலும் எழுதலாமா, ஒலிப்பதிவை ஏற்கிறார்களா என்று கல்லூரியில் சேரும்போதே கேளுங்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். படிப்பு முடிந்தபின் கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் முகவரியை ரத்து செய்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அதோடு தொகுப்பேடும் பூட்டப்பட்டுவிடலாம். மூன்றாண்டு உழைப்பு அதற்குள்ளே இருக்கும்; திறவுகோல் கல்லூரியிடம் இருக்கும். எனவே கடைசிப் பருவம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னரே, எல்லாப் பக்கங்களையும் எந்தக் கணிப்பொறியிலும் திறக்கக்கூடிய பொது வடிவில், ஒலிப்பதிவுகளையும் சேர்த்து, இறக்கி எடுத்துக்கொள்ளவேண்டும். ஒரு பிரதியைச் சொந்தக் கணக்கிலும் மற்றொன்றை வேறொரு கருவியிலும் வைத்து, இரண்டும் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கல்லூரி அலுவலகத்தில் நிலுவையின்மைச் சான்றுக்கு விண்ணப்பம் கொடுக்கலாம்.