ஹெரால்டுக்கு ட்ரன்னியன் கிடைக்குமா?

இன்னிக்கு உள்ளங்கையில அடங்குற ஒரு உலோகத் துண்டைப் பத்திப் பேசப் போறேன். அதோட பேரு ட்ரன்னியன். ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரோட முன் சக்கரம் திரும்புறதே இதை நம்பித்தான்.

ஹெரால்டு நம்ம ஊர் வண்டி. இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு 1959-ல வந்தது. 1961-லிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் அதை இங்கே சென்னையில தயாரிச்சது. நாலு கதவு மாடல்கூட வந்தது. அந்த நிறுவனம் மூடி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. வண்டிகள் மட்டும் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. நான் பழைய கார்களுக்கு உதிரி பாகம் விக்கிறவன். என்கிட்ட வர்ற போன்ல பாதி, "சார், ஹெரால்டுக்கு ட்ரன்னியன் இருக்கா?"ன்னுதான் ஆரம்பிக்கும்.

அது என்ன வேலை செய்யுதுன்னு முதல்ல சொல்லிடறேன். சக்கரத்தைத் தாங்குற செங்குத்தான இரும்புத் தண்டுக்கு வெர்டிகல் லிங்க்னு பேரு. அதோட அடி முனையில மரை இருக்கும். அந்த மரை இந்தப் பித்தளை நிறத் துண்டுக்குள்ள போய் உக்காரும். நீங்க ஸ்டியரிங்கைத் திருப்பும்போது தண்டு அந்த மரைக்குள்ளேயே சுத்தும். வண்டியோட முன்பக்க எடையும் அது வழியாத்தான் இறங்குது.

இதுக்கு கெட்டியான கியர் ஆயில்தான் போடணும்னு ட்ரையம்ப் சொல்லியிருக்கு. நம்ம சர்வீஸ் ஸ்டேஷன்ல கிரீஸ் கன்னை வச்சு அடிச்சு விட்டுடுவாங்க. நாளாக ஆக கிரீஸ் இறுகிப் போகும், உள்ளே தண்ணி இறங்கும், மரை துருப்பிடிக்கும். ஒருநாள் பார்க்கிங்ல மெதுவா வளைக்கும்போது தண்டு பட்டுன்னு உடையும், சக்கரம் மடங்கிப் படுத்துடும். பார்க்கிங்ல உடைஞ்சா தப்பிச்சோம். இதுவே ஜிஎஸ்டி ரோட்டுல நடந்தா? எஞ்சின் நின்னா வண்டியைத் தள்ளலாம். ஸ்டியரிங் போனா அந்த வாய்ப்பு கிடையாது.

அப்போ பார்ட்டுக்கு எங்கே போறது? ஒரு விஷயத்துல ஹெரால்டுக்காரங்க அதிர்ஷ்டசாலிங்க. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1980 வரைக்கும் தயாரானது. அதுக்கும் கிட்டத்தட்ட இதே முன்பக்க அமைப்புதான். லோட்டஸ் எலான் கார்லகூட இதே வகை இருக்கு. அந்த வண்டிகளை ஓட்டுறவங்க பிரிட்டன்ல நிறைய பேர் இருக்கறதால, அங்கே இன்னும் புதுசா செய்யறாங்க. ஆனா ஒரே ஒரு ஜோடியை வரவழைச்சா, கப்பல் கூலியும் சுங்க வரியும் பார்ட் விலையையே தாண்டிடும். அதனால நான் ஆர்டர்களைச் சேர்த்து வச்சு, பத்துப் பேர் ஆனதும் மொத்தமா வாங்குறேன். இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் மரை எதிரெதிர் திசையில இருக்கும். எந்தப் பக்கம் வேணும்னு பார்த்துச் சொல்லுங்க.

"இங்கேயே லேத்துல கடைஞ்சா என்ன?"ன்னு கேக்குறாங்க. ரப்பர் புஷ், ரேக்குக்கு மேல போடுற ரப்பர் உறை, இதெல்லாம் தாராளமா இங்கே செய்யலாம். நானே செஞ்சு விக்கிறேன். டை ராட் எண்ட், வெர்டிகல் லிங்க், ட்ரன்னியன் மட்டும் வேண்டாம். எந்த உலோகக் கலவை, எப்படிச் சூடேத்திப் பதப்படுத்தினாங்க, இது ரெண்டும் அளவு எடுத்தா தெரியாது. பார்க்க அச்சு அசலா இருக்கும், ஆனா பாரம் தாங்குமான்னு சொல்ல முடியாது. உடைஞ்சதை வெல்டிங் வச்சு மாட்டறது அதைவிட மோசம்.

இதுல எனக்கு இருக்கிற கவலை ஒண்ணுதான். எல்லாரும் பார்ட் உடைஞ்ச பிறகுதான் கேட்டு வர்றாங்க. வருஷத்துக்கு ரெண்டு பேர் மட்டும் கேட்டா எந்தப் பட்டறையும் அதைச் செய்யாது, எந்தக் கடையும் ஸ்டாக் வைக்காது. அங்கேயும் வாங்குறவங்க குறைஞ்சா ஒருநாள் நிறுத்திடுவாங்க. தொடர்ந்து வாங்க ஆள் இருந்தாத்தான் பார்ட் உயிரோட இருக்கும்.

உங்க தாத்தாவோட ஹெரால்டு ஷெட்ல நிக்குதா? இந்த வாரமே ஜாக்கி வச்சு முன் சக்கரத்தைத் தூக்குங்க. மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஓட்டாதீங்க, மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. ஆட்டம் இல்லைன்னாலும் ஆயில் போடச் சொல்லுங்க, ஒரு ஜோடிக்கு இப்பவே பேர் கொடுத்து வைங்க. கழட்டின பழைய பார்ட்டைக் காயலான் கடைக்குப் போடாதீங்க. அடுத்த தடவை அளவு சரிபார்க்க அதுதான் கையில இருக்கும்.

சந்தேகம் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசலாம்.