மேலடுக்கு: திருவட்டாறு கருத்தரங்கத் தலைமை உரை



வரலாற்றுக்காலத் தொல்லியலையும் மானிடவியலையும் சேர்த்துக் கற்பிப்பது எப்படி என்பது நம் கருத்தரங்கின் பொருள். தலைமை தாங்க அழைத்தவர்கள் இடம் திருவட்டாறு என்றதும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். நாம் பேசப்போகும் பொருள் இந்த மண்டபத்துக்கு வெளியே, கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

2022 ஜூலை 6ஆம் நாள் இவ்வூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முந்தையது 1604இல். இடையில் 418 ஆண்டுகள். கோதையாறும் பரளியாறும் சூழ்ந்த இவ்வூரில் சின்னப் பிள்ளையும் இந்தக் கணக்கைச் சொல்லும். அன்று கூட்டத்தில் நானும் நின்றேன். எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒரு கேள்வி ஓடியது. அந்த 418 ஆண்டுகள் எங்கே இருக்கின்றன? கோயில் அப்போது உறங்கவில்லை. விளக்கு எரிந்தது. ஒருவர் எண்ணெய் கொண்டுவந்தார், ஒருவர் முற்றம் பெருக்கினார், எந்த வாசல்வரை வரலாம் என்று ஊர் விதித்த எல்லையில் ஒருவர் நின்று கும்பிட்டார். கட்டிய ஆண்டும் புதுப்பித்த ஆண்டும் நம் பாடப்புத்தகங்களில் உண்டு. நடுவில் ஓடிய வாழ்க்கைக்கு அவற்றில் இடம் இல்லை.

அகழாய்வுக் குழியில் இறங்கியவர்களுக்கு இது பழகிய செய்தி. குழி வெட்டத் தொடங்கியதும் முதலில் வருவது மேலடுக்கு. அதைக் 'கலைந்த அடுக்கு' என்று ஒரு வரியில் எழுதிவிட்டுக் கீழே போகும் அவசரம் நம் எல்லோருக்கும் உண்டு. உடைந்த வளையல், பீங்கான் துண்டு, மண்ணெண்ணெய் விளக்கின் திரிமுனை எல்லாம் கூடையில் ஏறி மண்மேட்டில் விழும். கோயில், கல்வெட்டு, ஓலை ஆகியவற்றை ஆய்கிறவர்களுக்கும் ஒரு மேலடுக்கு இருக்கிறது. அது இன்று அங்கே வாழும் மக்கள். அவர்களைப் பதிவு செய்யாமல் கீழே தோண்டினால் சான்றைக் கையால் அழிக்கிறோம். என் ஆசிரியப் பணியில் நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். அதையும் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

எப்படிக் கற்றேன் என்று சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. குலசேகரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில், மரத்தடியில், மாடன் என்று எண்ணெய் பூசிக் கும்பிடும் கல் ஒன்று இருந்தது. எண்ணெய்க்கு அடியில் எழுத்து இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. மாணவர் இருவரைக் கூட்டிக்கொண்டு போய், சீயக்காய்த் தூளும் தேங்காய் நாருமாகத் தேய்த்தோம். நான்கு வரி வட்டெழுத்து வெளியே வந்தது. நிலத்துக்கு எல்லை குறித்த கல். மகிழ்ச்சியில் நாங்கள் மைப்படி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து நின்றார். கோபப்படவில்லை. "எழுத்து கெடந்துட்டுப் போட்டும் மக்ளே. எண்ணெயத் தொடச்சிப் போட்டியளே, அதுக்கு என்ன வழி?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. குறிப்பேட்டில் நான்கு வரியையும் பிழையில்லாமல் எழுதிக்கொண்டேன். அந்த எண்ணெயை யார் பூசுகிறார்கள், எந்தக் கிழமையில், எல்லைக்கல் எப்போது மாடன் ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில ஆண்டுகள் கழித்துப் போனபோது சாலை அகன்றிருந்தது. கல் இல்லை, பாட்டியும் இல்லை. நான்கு வரி மட்டும் இன்றும் என்னிடம் இருக்கிறது. இந்த மலையோரத்து மழையிலும் பாசியிலும் எழுத்து மழுங்காமல் தப்பியது எதனால் என்று பிறகு யோசித்தேன். தலைமுறை தலைமுறையாகப் பூசிய எண்ணெய்தான் அதன் மேல் தோலாக இருந்து காத்திருக்கிறது. நான் அழுக்கென்று தேய்த்து எறிந்தது அந்தக் காப்பை. அன்றுமுதல் எண்ணெய் பூசிய எந்தக் கல்லையும் கேட்காமல் தொட்டதில்லை.

இந்தப் பகுதியில் இதை நான் முதலில் கண்டுபிடித்தவன் அல்லேன். எனக்கு முன்னால் இங்கே ஆசிரியர்கள் இருந்தார்கள். மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளையை நாடக ஆசிரியராகவே நாடு அறியும். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்த அவர், ஊர் ஊராகக் கல்வெட்டுத் தேடி, இப்பகுதியை ஆண்ட வேணாட்டு அரசர்களின் வரிசையை ஒழுங்குபடுத்தி 1894இல் நூலாக்கினார். அதுவரை வேணாட்டு வரலாறு பெரும்பாலும் ஐதிகத்தில் நின்றது. அவர் அதைக் கல்லின் மேல் நிறுத்தினார். 1897இல், நாற்பது வயது சற்றே கடந்த நிலையில், மறைந்துவிட்டார்.

தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பள்ளி ஆசிரியர். குழந்தைப் பாடல்களால் வீட்டுக்கு வீடு அறிமுகமானவர். அவர் கல்வெட்டு வாசித்தவர் என்பதும், ராஜராஜ சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் காந்தளூர்ச் சாலை பற்றி நூல் எழுதியவர் என்பதும் ஆய்வாளர்களுக்கு வெளியே அவ்வளவாகத் தெரியாது. அழகியபாண்டியபுரம் பெரியவீட்டு முதலியார் ஓலைகளைப் படியெடுத்தவர்களில் முதன்மையானவர் அவர். அந்த ஓலைகளில் அடிமைகளை விற்றதற்கும் வாங்கியதற்குமான ஆவணங்களும் உண்டு, பின்னாளில் அ.கா. பெருமாள் அவற்றைப் பதிப்பித்தார். மனிதரை விலைக்கு எழுதிய ஓலையைக் கையில் பிடித்து, எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிய கை, குழந்தைகளுக்குப் பாட்டும் எழுதியது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு மனம் நெகிழும்.

அதே கவிமணிதான் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம் பாடினார். வேளாளர் குடும்பங்களில் சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும் முறையால் மனைவியும் மக்களும் பட்ட துன்பத்தை ஒரு பெண்ணின் வாய்மொழியாகவே சொன்னார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து அந்த முறையை மாற்றியது. உறவுமுறை, வாரிசுரிமை, வீட்டுக்குள் நடக்கும் அதிகாரம் ஆகியவை மானிடவியல் வகுப்பின் முதல் பாடங்கள். மானிடவியல் பட்டம் எதுவும் இல்லாத ஓர் ஆசிரியர், கல்லையும் ஓலையையும் வாசித்த கண்ணாலேயே தன் பக்கத்து வீட்டையும் பார்த்தார்.

இந்த இரண்டு பார்வையையும் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுபோனவர் பேராசிரியர் கே.கே. பிள்ளை. நாஞ்சில் மண்ணின் மகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்திய வரலாற்றுப் பேராசிரியர். சுசீந்திரம் கோயிலைப் பற்றிய அவருடைய நூல் 1953இல் கலாக்ஷேத்திர வெளியீடாக வந்தது. கோயில் நூல் என்றால் விமானத்தின் அளவும் சிற்பத்தின் அழகும் மட்டும் என்று இருந்த நாளில், நிலம், நிர்வாகம், ஊழியர், திருவிழா என்று ஒரு கோயிலைச் சுற்றிச் சுழன்ற சமூகத்தையே அவர் எழுதினார். கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்து குற்றம் தீர்மானித்த கைமுக்கு வழக்கமும் அதில் ஒளிக்கப்படாமல் இருக்கிறது. சொந்த ஊர்க் கோயிலை எழுதுகிறவனுக்குப் பெருமை கண்ணை மறைக்கும். அவர் பெருமையையும் எழுதினார், வெந்த கையையும் எழுதினார். வரலாற்றாசிரியராகத் தொடங்கி, தமிழக வரலாற்றை 'மக்களும் பண்பாடும்' என்ற தலைப்பில் எழுதும் இடத்துக்கு அவர் வந்து சேர்ந்தது தற்செயல் அல்ல. ஆய்வில் இறங்கும் மாணவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் புத்தகம் சுசீந்திரம்தான். இன்றைக்கும் அதற்கு ஈடான ஒரு நூல் திருவட்டாற்றுக்கு வேண்டும்.

எதிர்த்திசையிலிருந்து வந்தவர் ஏ. ஐயப்பன். லண்டனில் மானிடவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நாயாடிகளையும் ஈழவர்களையும் பற்றி எழுதிய அவரே, சென்னை அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தபோது 1941இல் அரிக்கமேட்டில் சோதனைக் குழிகளும் இட்டார். மார்ட்டிமர் வீலர் 1945இல் அங்கே அகழ்ந்து உலகப் புகழ் பெறுவதற்கு முன் நடந்தது இது. பின்னாளில் ஐயப்பன் பல்கலைக்கழகப் பேராசிரியர், துணைவேந்தர் என்று உயர்ந்தார். ஒரே மனிதருக்குள் இரண்டு துறையும் சண்டையில்லாமல் இருந்தன. நம் கல்லூரிகளிலோ அவை இரண்டு கட்டடங்களில், இரண்டு பாடத்திட்டங்களில், ஒன்றின் மாணவர் மற்றதன் வகுப்புக்குள் நுழைய முடியாதபடி இருக்கின்றன. எனக்கு இது வருத்தமான செய்தி.

கடல் கடந்தும் ஒரு சான்று சொல்லலாம். அமெரிக்காவில் ஜேம்ஸ் டீட்ஸ் என்ற மானிடவியல் பேராசிரியர் நியூ இங்கிலாந்துக் கல்லறைக் கற்களை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தார். முதலில் மண்டையோடு, பிறகு சிறகுள்ள குழந்தை முகம், அதன் பிறகு தாழியும் அதன்மேல் சாயும் மரமும். சாவைப் பற்றிய மக்களின் எண்ணம் மாறியதைச் சிற்பம் காட்டிக்கொடுத்தது. சாதாரண மக்கள் விட்டுச்சென்ற சின்னப் பொருள்களே வரலாறு என்று 1977இல் அவர் எழுதிய நூல் வரலாற்றுக்காலத் தொல்லியலின் முகத்தை மாற்றியது.

நமக்கு அந்த வாய்ப்பு இல்லையா? புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்தவர், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் தளபதியாகி, 1777இல் இங்கேயே மண்ணானார். அவர் கல்லறையில் லத்தீனும் தமிழும் சேர்ந்து நிற்கின்றன. இந்தக் கல்லை வெட்டிய தச்சர் யார், தமிழ் வாசகத்தை எழுதிக் கொடுத்தவர் யார் என்று எந்தப் பாடப்புத்தகமும் கேட்பதில்லை. மயிலாடியிலிருந்து மார்த்தாண்டம்வரை பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டங்கள் எத்தனை! தோள்சீலை அணியும் உரிமைக்காகப் போராடி 1859இல் அரச அறிவிப்பைப் பெற்ற மக்களின் வழிவந்தவர்கள் பலர் அவற்றில் உறங்குகிறார்கள். எந்த ஆண்டிலிருந்து பெண்களின் பெயர் தனியாகக் கல்லில் ஏறுகிறது? கொல்லம் ஆண்டு எப்போது கிறித்து ஆண்டுக்கு இடம் விடுகிறது? மாணவர்கள் ஒரு பருவத்தில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. நாடாவும் நோட்டும் போதும்.

கற்பிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கல்வெட்டு வகுப்பில் 'ஒற்றி' என்ற சொல் வந்தபோது, நான் கரும்பலகையில் நீண்ட விளக்கம் எழுதிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு மாணவி, "சார், எங்க வீடே ஒத்திக்குத்தான் இருக்கு" என்றாள். நூற்றாண்டுகளாக உயிரோடு இருக்கும் ஒரு சொல்லுக்குள், வாடகை கொடுக்காத வீட்டில், அவள் நாள்தோறும் வாழ்ந்துகொண்டிருந்தாள். அன்றைய வகுப்பை அவள்தான் நடத்தினாள். பணம் எவ்வளவு, கெடு எத்தனை ஆண்டு, திருப்பித் தர முடியாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் சொல்லச் சொல்ல, கல்வெட்டில் இருந்த இரண்டு தரப்பாரும் எழுந்து வந்து எங்கள் முன் நின்றார்கள். நம் மாணவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். தங்கள் வீட்டுப் பேச்சு வகுப்பறைக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்தப் பேச்சுதான் நமக்குச் சான்று என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

திருப்பணி நடக்கும் கோயில்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணல்வீச்சில் எழுத்து மழுங்கிய சுவர்களைத் தமிழகமெங்கும் பார்த்திருக்கிறோம். தரை பெயர்க்கும்போதும் சுண்ணாம்பு சுரண்டும்போதும் பக்கத்தில் ஒரு தொல்லியல் மாணவர் நிற்க வேண்டும். அவரோடு, மடைப்பள்ளியில் வேலை பார்த்த முதியவர் சொல்வதை எழுதிக்கொள்ள இன்னொரு மாணவரும் நிற்க வேண்டும். இரண்டாவது மாணவரை நாம் மறந்துவிடுகிறோம்.

நாளைக் காலை நாம் சிதறால் மலைக்குப் போகிறோம். ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குறத்தியார் என்ற சமணப் பெண்துறவி அங்கே பொன் அணிகள் கொடுத்ததைப் பாறை சொல்கிறது. தீர்த்தங்கரர்கள் இன்னும் பாறையில் இருக்கிறார்கள். சமணரின் தேவி பகவதியாகி வழிபாடு பெற்றாள். கல்வெட்டு வாசிக்கத் தெரிந்த மாணவர் ஒருவரோடு, ஊர்க்காரர்களிடம் பேசத் தெரிந்த ஒருவர் என்று இருவர் இருவராகப் பிரித்திருக்கிறோம். இருவருக்கும் ஒரே குறிப்பேடுதான் தருவோம். இடப்பக்கம் பாறைக்கு, வலப்பக்கம் அங்கே விளக்கேற்ற வருகிறவர்களுக்கு. மாலையில் இரண்டு பக்கத்தையும் சேர்த்தே இந்த அவையில் படிப்பார்கள்.

வண்டி ஆறு மணிக்குக் கோயில் மேற்கு நடையிலிருந்து புறப்படும். முதல் அமர்வுக்குரிய கட்டுரையாளர்கள் மேடைக்கு வாருங்கள்.